சத்தமில்லாத, கரண்ட் குறைவாக எடுக்கும் வீட்டுக் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கணினி வாங்கப் போகிறவர்களும் பழையதைக் கழற்றிப் பூட்டப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறோம். விளையாட்டுக்கென்று பெரிய கிராபிக்ஸ் காட் போடுகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, கடிதம், கணக்கு, படம் பார்த்தல், வெளிநாட்டில் இருக்கிற சொந்தத்தோடு வீடியோவில் கதைத்தல் என்று ஓடுகிற கணினிதான் இங்கே பேச்சு.

என்ர கணினி ஏன் இப்பிடி இரையுது? அஞ்சு வருசத்துக்கு முதல் இப்பிடி இல்லை.

சத்தம் வரக்கூடிய இடம் நாலு: புரொசசரின் விசிறி, பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறி, கேசிங் விசிறி, ஹாட் டிஸ்க். எது என்று கண்டுபிடிக்க ஒரு கடதாசியைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். புரொசசர் விசிறியில் சந்தேகம் என்றால் அதன் நடுக் குமிழை விரல் நுனியால் இரண்டு செக்கன் மெல்ல அமத்திப் பார்க்கலாம். இதழைத் தொடக்கூடாது. பவர் சப்ளைக்குள் விரலோ கம்பியோ விடவே கூடாது.

அஞ்சு வருடத்தில் மாறியது பெரும்பாலும் இரண்டுதான். புரொசசரின் சூட்டை இழுக்கும் வெப்பத்தகட்டின் இடுக்குகளில் புழுதி பஞ்சுபோலப் படிந்து காற்றை மறித்திருக்கும். புரொசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசிய பசை காய்ந்திருக்கும். சூடு ஏற, விசிறி வேகம் பிடிக்கும். தூரிகையால் தட்டி, பழைய பசையைத் துடைத்து, கடலைப் பருப்பு அளவு புதுப்பசை வைத்துப் பூட்டினால் பாதிக் கணினிகள் அடங்கிவிடும். ஊதித் துப்புரவு செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பெயாரிங் கெடும்.

குறைஞ்ச கரண்ட் எண்டால் எத்தினை வாட்டைச் சொல்லுறியள்?

சும்மா நிற்கும்போது, அதாவது திரையில் ஒரு கடிதம் திறந்தபடி இருக்க, சுவர் பிளக்கில் அளந்தால் வருகிற வாட். வீட்டுக் கணினி முக்கால்வாசி நேரம் அந்த நிலையில்தான் இருக்கும். பழைய கோர் 2 டுவோ காலத்துப் பெட்டி 50 முதல் 70 வாட் எடுக்கும். இன்றைய சாதாரண மேசைக் கணினி, தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாமல், 20 முதல் 30. மினி கணினி 6 முதல் 15. மொனிட்டர் இதில் சேரவில்லை.

நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 60 வாட் பெட்டி மாதம் 14.4 அலகு. 12 வாட் பெட்டி 2.9 அலகு. வித்தியாசம் பதினொன்று சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் எங்கள் வீட்டுப் பில் படிமுறையில் ஏறுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்கே வேறு அட்டவணைக்குப் போய்விடும். 55க்கும் 65க்கும் நடுவில் ஊசலாடுகிற வீட்டுக்கு அந்தப் பதினொரு அலகு பெரிய விசயம். 200 அலகு எரிக்கிற வீட்டுக்கு முதலில் பார்க்கவேண்டியது பழைய பிறிட்ஜை.

அதை எப்பிடி அளக்கிறது? மீட்டர் ஒண்டும் எங்களிட்ட இல்லை.

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டு மீட்டரே காணும். டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு அலகுக்கு எத்தனை மின்னல் என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். 1600 என்று இருந்தால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட செக்கனால் 2250ஐப் பிரியுங்கள். வருவது வாட். 50 செக்கனுக்கு ஒருதரம் மின்னினால் 45 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36 லட்சத்தை முதலில் அந்த எண்ணால் பிரித்து, வந்ததை 2250க்குப் பதிலாக வையுங்கள்.

பிறிட்ஜ், தண்ணீர் மோட்டர், றவுட்டர், போன் சாஜர் எல்லாம் பிளக்கிலிருந்து கழற்றியிருக்கவேண்டும். ஒரு மின்னலை நம்பாமல் அஞ்சு மின்னலுக்கு நேரம் பிடித்து அஞ்சால் பிரித்தால் கணக்கு நிதானமாக வரும்.

புரொசசர் வந்த பெட்டியில 65 வாட் எண்டு போட்டிருக்கு. அப்ப 65 வாட்தானே இழுக்கும்?

இல்லை. அது வழமையான வேகத்தில் தொடர்ந்து வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை அகற்றவேண்டும் என்று வெப்பத்தகடு தேர்கிறவருக்குச் சொல்லும் எண். றைசன் 5 5600ஜி 65 வாட் என்று விற்கப்படுகிறது. முழு மூச்சில் 88 வாட் வரை போகும், சும்மா இருக்கும்போது சில வாட்தான். இன்டெல் கோர் ஐ3-12100 பெட்டியில் 60, உச்சத்தில் 89. இரண்டும் சும்மா இருக்கையில் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே சொன்ன 20, 30 வாட்டில் பெரும்பங்கு மதர்போட்டும் (பாகங்களெல்லாம் செருகும் பலகை) பவர் சப்ளையும் தின்பது. ஆகவே புரொசசரின் எண்ணை மட்டும் வைத்துக் கணினியின் பசியை அளக்காதீர்கள்.

லப்டொப் ஒண்டு வாங்கினாலே காணாதோ?

பலருக்குக் காணும். கரண்ட் 5 முதல் 15 வாட், பற்றரி உள்ளேயே இருப்பதால் யூ.பி.எஸ் வேண்டாம். குறை எங்கே என்றால், வேலை கொடுத்ததும் அதன் சின்ன விசிறி மெல்லிய குரலில் கத்தும். பங்குனி, சித்திரை வெக்கையில் அது ஓயவே ஓயாது. துப்புரவு செய்யக் கழற்றுவதும் வில்லங்கம். ஒரே மேசையில் வருடக்கணக்காக இருக்கப்போகிறது, கழற்றித் திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

என்100 எண்டு சின்னப் பெட்டி ஒண்டு வருது. கையளவுதான் கிடக்கு. உதால வேலை நடக்குமோ?

நடக்கும். இன்டெல் 2023 தொடக்கத்தில் விட்ட சிப் அது. நாலு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதி), இன்டெல் சொல்லும் எண் 6 வாட். இணையம், கடிதம், கணக்குத்தாள், 4கே படம், வீடியோ அழைப்பு எல்லாம் தடையின்றி ஓடும். யூரியூப் இப்போது பல படங்களை ஏ.வி.1 என்ற முறையில் அனுப்புகிறது. அதை அவிழ்க்கும் சுற்று இதில் உண்டு. பெரிய வீடியோ எடிட்டிங்கும் கனத்த விளையாட்டும் நடக்காது. றாமுக்குப் போகும் பாதை (சனல்) ஒன்றே ஒன்றுதான்; இன்டெல் சொல்லும் உச்சம் 16 ஜிபி.

சின்னது என்பதாலேயே சத்தமில்லாதது என்று எடுத்துவிடாதீர்கள். பல பெட்டிகளில் 40, 50 மில்லிமீற்றர் விசிறி இருக்கும். தயாரிப்பாளர் வேகம் காட்டுவதற்காக மின் எல்லையை 15, 20 வாட்டுக்கு உயர்த்தி விட்டிருப்பார். பயோசில் (கணினி எழும்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) அந்த எல்லையை 8 அல்லது 10க்கு இறக்கினால் அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது, விசிறி அடங்கும். வாங்கமுன் கடையில் பத்து நிமிடம் 4கே படம் ஓடவிட்டுக் காதைக் கிட்ட வையுங்கள். ஸ்ரான்லி வீதிக் கடையில் பகல் இரைச்சலுக்குள் ஒன்றும் கேட்காது என்பதும் உண்மைதான். அப்படியானால் பெட்டியின் அடியில் கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இரவில் சத்தமாக வரும்.

கொழும்பில கழிச்ச ஒஃபிஸ் மினி கணினி மலிவாய் வருது. நம்பி எடுக்கலாமோ?

எங்கள் கணிப்பில் காசுக்கு இதைவிட நல்ல தெரிவு குறைவு. டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்சென்ரர் ரைனி, எச்.பி. எலிட்டெஸ்க் மினி மூன்றும் ஒரே சாதி: ஒரு லீற்றர் சொச்சம் கொள்ளளவு, வெளியில் லப்டொப் அடப்டர், உள்ளே பெயரின் கடைசியில் ‘ரி’ எழுத்துள்ள 35 வாட் புரொசசர். ஐ5-8500ரி என்றால் ஆறு கோர். அலுவலக மேசைக்கென்று கட்டியவை என்பதால் விசிறி பெரும்பாலும் கேட்காது.

பார்க்கவேண்டியது வரிசையாக: 8ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தியதா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 அதற்குக் கீழ் பெரும்பாலும் ஏறாது. லினக்ஸ் என்றால் 6ஆம் தலைமுறையும் பரவாயில்லை. பயோசுக்குள் போக முடிகிறதா? பழைய கம்பனியின் கடவுச்சொல் கிடந்தால் விடுங்கள். அடப்டர் அதே தயாரிப்பாளருடையதா? சில பெட்டிகள் மாற்று அடப்டரைக் கண்டால் புரொசசரை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டும், ஆட்கள் ‘கணினி பழுது’ என்று நினைப்பார்கள். ஒவ்வொரு முறையும் திகதி பிழையாக வந்தால் மதர்போட்டில் இருக்கும் பொத்தான் பற்றரிதான் போயிருக்கிறது, அது சில்லறைச் செலவு.

இல்லை, பாகம் பாகமாய் எடுத்துத்தான் பூட்டப்போறன். எந்தப் புரொசசர்?

உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளது எதுவும். முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், இன்டெல் பெயரின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று 12100எஃப் வாங்கிவந்து, திரையில் படம் வராமல், பிறகு தனிக் காட் வாங்கிப் போட்டு, 10, 15 வாட்டும் ஒரு விசிறிச் சத்தமும் கூட்டிக்கொள்கிறார்கள்.

12100ஆ 5600ஜியா என்றால், படம் பார்ப்பதும் அலுவலக வேலையும் முக்கியம் என்றால் 12100. அதில் ஏ.வி.1 சுற்று உண்டு. 5600ஜியில் இல்லை. இல்லாவிட்டால் அந்த வேலையைப் புரொசசரே செய்யும், சூடேறும், விசிறி எழும்பும். 5600ஜியின் பலம் ஆறு கோரும், சின்னச் சின்ன விளையாட்டுகளைத் தாங்கும் கிராபிக்சும். பயோசில் அதை 45 வாட் எல்லைக்குள் கொண்டுவரலாம். வேகம் அவ்வளவு விழாது, சூடு நன்றாக இறங்கும்.

தமிழ் ரைப் பண்ணுறதுக்கு வேகமான கணினி வேணுமோ?

வேண்டாம். பாமினியோ யூனிகோடோ, பத்து வருடப் பழைய கணினியும் தாங்கும். மெதுவாக இருக்கிறதென்றால் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு) போடுங்கள்.

450 வாட் பவர் சப்ளை காணுமோ? கடைக்காரர் 750 எடுக்கச் சொல்லுறார்.

மேலே சொன்ன கணினி முழு வேலையிலேயே 120 வாட் சொச்சம்தான். 450 தாராளம். 750 எடுத்தால் 750 வாட் இழுக்கும் என்பதில்லை, ஆனால் சின்னச் சுமையில் அதன் வினைத்திறன் சரிந்துவிடும். 80 பிளஸ் வெண்கலம், தங்கம் என்று ஒட்டியிருக்கும் வினைத்திறன் முத்திரைகள் 20, 50, 100 சதவீதச் சுமையில் சோதித்தவை. 25 வாட்டில் நிற்கும் கணினி 750இன் மூன்று சதவீதம்தான். அந்த இடத்தைப் பற்றி முத்திரை ஒன்றும் சொல்லாது. அங்கே அஞ்சு, பத்து வாட் வெறும் சூடாகப் போகலாம்.

இன்னும் முக்கியம்: கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைப் பாவிக்காதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள். வெறும் தகரப் பேணிபோல் பாரமில்லாமல் இருந்தால் உள்ளே வடிகட்டும் பாகங்கள் குறைத்திருக்கிறார்கள். அதன் 80 மில்லிமீற்றர் விசிறிதான் பல வீடுகளில் இரைச்சலுக்குக் காரணம். 120 மில்லிமீற்றர் விசிறி உள்ளதாகப் பாருங்கள். குறைந்த சுமையில் விசிறியே சுழலாத வகையும் உண்டு, விலை கூட. மலிவான பவர் சப்ளைகளின் முதுகில் சிலவேளை 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். பிளக்கில் செருகமுன் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115இல் இருந்தால் சுவிட்சைப் போட்டதும் ஒரு ‘டமார்’, ஒரு புகை, அவ்வளவுதான்.

விசிறியே இல்லாமல் கட்ட ஏலுமோ?

ஏலும். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விசிறியில்லாத பெட்டி அறையின் வெப்பத்துக்கு மேல் இவ்வளவு ஏறும் என்பதுதான் அதன் இயல்பு. 22 பாகை அறையில் 62 காட்டினால், ஓட்டு வீட்டில் பின்னேரம் 34 பாகையில் 74 காட்டும். மேசை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் 80ஐத் தாண்டும். புரொசசர் அதைத் தாங்கும். பக்கத்தில் இருக்கும் எஸ்.எஸ்.டி அந்தச் சூட்டில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். மதர்போட்டில் நிற்கும் கபாசிற்றர்களுக்கு (மின்னைத் தேக்கும் சின்ன உருளைகள்) 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

ஒரே ஒரு பெரிய விசிறி, நிமிடத்துக்கு 600 சுற்றில், ஒரு மீற்றர் தள்ளி இருந்தால் ஊர் அடங்கிய இரவிலும் கேட்காது. அது 10, 15 பாகையை இழுத்து எறியும். என்100, 10 வாட் எல்லை, நல்ல பாரமான அலுமினியப் பெட்டி, திறந்த இடம் என்றால் மட்டும் விசிறியை விடலாம்.

எத்தினை விசிறி, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்?

சுழற்சியைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஒன்றுக்கு நாலு விசிறி போட்டால் கூடுவது 6 டெசிபல்தான். அதனால் வேகமான ஒன்றைவிட மெதுவான இரண்டு மேல், சின்னதைவிடப் பெரியது மேல். நாங்கள் சொல்வது: முன்பக்கம் உள்ளிழுக்க 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஒன்று, புரொசசரில் 120 மில்லிமீற்றர் விசிறியுள்ள கோபுர வடிவ வெப்பத்தகடு. பின்பக்கம் விருப்பமானால் ஒன்று, முன்னதைவிட மெதுவாக. உள்ளே போகும் காற்று கூடுதலாக இருந்தால் புழுதி இடுக்குகளால் உறிஞ்சப்படாது, முன்வலையில்தான் பிடிபடும். அந்த வலையைக் கழற்றிக் கழுவலாம். விசிறியின் சட்டத்தில் அம்புக்குறி இல்லாவிட்டால், குறுக்குத் தாங்கிகள் உள்ள பக்கத்தால்தான் காற்று வெளியேறும்.

நாலு ஊசி வயர் உள்ள விசிறியாக எடுங்கள், வேகத்தை மதர்போட் தானே ஆளும். பயோசில் 60 பாகை வரை ஒரே மெதுவான வேகம், அதற்குப் பிறகு படிப்படியாக ஏற்றம் என்று வையுங்கள். வேகம் மாறுவதற்கான தாமதம் என்று ஒரு அமைப்பு இருந்தால் அஞ்சு செக்கனுக்கு மேல் கொடுங்கள். ஒரே சீரான மெல்லிய ஓசையைக் காது மறந்துவிடும். ‘ஊம்... ஊஊம்...’ என்று ஏறி இறங்குவதைத்தான் மறக்காது.

றாம் ஒண்டாய்ப் போடவோ ரெண்டாய்ப் போடவோ?

12100, 5600ஜி போன்றவற்றுக்கு இரண்டு 8 ஜிபி. உள்கிராபிக்ஸ் இந்த றாமைத்தான் பகிர்ந்து பாவிக்கிறது, இரட்டைச் சனலில் அதற்கு மூச்சு விடும். கூடுவது ஓரிரு வாட். என்100க்கு ஒன்றுதான். டி.டி.ஆர்.4, 5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, மினி கணினிக்கு லப்டொப்பின் கட்டை றாம் வேண்டும். 2025 கடைசியில் றாம் விலை கடுமையாக ஏறியது, ஆகவே பழைய பெட்டியில் நல்ல றாம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

எஸ்.எஸ்.டி எண்டால் எது எண்டாலும் ஒண்டுதானே?

சத்தத்தில் ஒன்றுதான், எதுவும் சுழல்வதில்லை. சூட்டில் ஒன்றல்ல. மதர்போட்டில் நேரே செருகும் எம்.2 வகையில் நாலாம் தலைமுறை வேகம் என்று விற்பவை கூடச் சுடும். வீட்டு வேலையில் மூன்றாம் தலைமுறைக்கும் அதற்கும் வித்தியாசம் உணரமாட்டீர்கள். மினி பெட்டிக்குள் மூன்றாம் தலைமுறையே நிம்மதி. மூளாய்க்கும் முகமாலைக்கும் போகாத ஆளுக்கு விமானம் எதற்கு?

படங்கள், கலியாண வீடியோக்கள் என்று இரண்டு, மூன்று ரெராபைற் இருந்தால் 3.5 அங்குல ஹாட் டிஸ்க் தேவைப்படலாம். அது சும்மா சுழலவே 4 முதல் 6 வாட், அதோடு தகரக் கேசிங்கை அதிரவைக்கும். றப்பர் துண்டுகளின் மேல் பூட்டுங்கள், பாவிக்காதபோது 20 நிமிடத்தில் நிற்கும்படி அமையுங்கள். அதைவிட நல்லது, வெளிப் பெட்டியில் போட்டுத் தேவையானபோது மட்டும் செருகுவது.

பயோசுக்குள்ள போய் வேற என்ன மாத்தவேணும்?

மின் எல்லையும் விசிறியும் முன்னமே சொன்னோம். மிச்சம் மூன்று. புரொசசரின் ஆழ்உறக்க நிலைகள் திறந்திருக்கவேண்டும், சில மதர்போட்டுகளில் மூடியே வரும். திறந்தாலே அஞ்சு, பத்து வாட் இறங்குவதுண்டு. நிறுத்திய பின்பும் யூ.எஸ்.பிக்குக் கரண்ட் கொடுப்பதை மூடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானே எழும்புவதை வேண்டாம் என்று வையுங்கள். எங்கள் ஊரில் கரண்ட் ஒருதரத்தில் வருவதில்லை, வந்து போய் வந்துதான் நிலைக்கும்.

கேசிங்கில கை பட்டால் சுளீரெண்டுது. பவர் சப்ளை பழுதோ?

பெரும்பாலும் இல்லை, ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டி ஒரு சின்னக் கசிவை ஏர்த் வயரூடாக அனுப்பும். அந்த வயர் எங்கும் போகாவிட்டால் தகரத்தில் பாதி வோல்ற்றேச் நிற்கும். பழைய உருண்டைப் பிளக்குச் சுவரில் சதுர ஊசிப் பிளக்கைச் செருக இடையில் போடும் மாற்றிகள் பலவற்றில் ஏர்த் தொடர்பு தளர்ந்திருக்கும் அல்லது இருக்காது. சொக்கெற்றை மாற்றுங்கள், ஏர்த் கம்பியை மின்வேலையாளைக் கொண்டு பாருங்கள். ஸ்பீக்கரில் வரும் ‘ஹ்ம்ம்’ ஓசையும் பலவேளை அதோடு போகும்.

யூ.பி.எஸ் எவ்வளவு பெரிசாய் வேணும்?

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் எல்லோரும் பெரிய யூ.பி.எஸ் தேடினார்கள். கணினியைச் சிறிதாக்கியிருந்தால் சின்னதே கனநேரம் இழுத்திருக்கும். 650 வி.ஏ. பெட்டியில் வழமையாக 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. மினி கணினி 10, மொனிட்டர் 20, றவுட்டர் 10 என்று 40 வாட் என்றால் மாற்றும் இழப்பெல்லாம் போக முக்கால் மணித்தியாலம், புதுப் பற்றரி என்றால் கொஞ்சம் கூட. பழைய 70 வாட் பெட்டியும் மொனிட்டரும் என்றால் இருபது நிமிடம்கூட நிச்சயமில்லை. யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்ட ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

நல்ல பவர் சப்ளை போட்ட மேசைக் கணினியோடு மலிவு யூ.பி.எஸ் சிலவேளை ஒத்துவராது. பற்றரிக்கு மாறும் கணத்தில் கணினி அணைந்துவிடும். மலிவு யூ.பி.எஸ் கொடுப்பது படிபடியான அலை, பவர் சப்ளைக்கு வேண்டியது வளைந்த அலை. இரண்டையும் கடையிலேயே சேர்த்துச் செருகி, சுவர்ப் பிளக்கை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். வெக்கையில் பற்றரி இரண்டு, மூன்று வருடம்தான். இடி மின்னல் என்றால் யூ.பி.எஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழற்றுங்கள், செப்பு வயரில் வரும் இணையத்தின் கேபிளையும் சேர்த்து.

கூரையில சோலர் இருக்கு. கரண்ட் போனாலும் ஓடும்தானே?

பற்றரி இல்லாத, மின்சார சபை இணைப்போடு வேலை செய்யும் சோலர் என்றால் ஓடாது. லைனில் வேலை செய்கிறவருக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காக, சபையின் கரண்ட் போனதும் இன்வேட்டரும் நின்றுவிடும். நண்பகல் வெயிலிலும் அப்படித்தான். முந்தின பதிலில் உள்ள யூ.பி.எஸ் உங்களுக்கும் வேண்டும்.

எறும்பு பூந்து கணினி போச்சு எண்டுறாங்கள். உண்மையோ?

உண்மை. சூடான, அசையாத, இருண்ட இடம் என்றால் எறும்பு முட்டையோடு குடிவரும். பல்லி பவர் சப்ளைக்குள் போய் இரண்டு முனையைச் சேர்த்து மிதித்தால் இரண்டுக்கும் கதை முடிந்தது. மெதுவாகச் சுழலும் விசிறி உள்ள கணினியில் இது இன்னும் கூட நடக்கும், ஏனென்றால் காற்று அவற்றைத் துரத்துவதில்லை. பாவிக்காத துளைகளுக்கு மூடி போடுங்கள், பெரிய திறப்புகளுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒட்டுங்கள். உள்ளே எறும்பு மருந்து அடிக்காதீர்கள், அந்த ஈரம் மதர்போட்டை அரிக்கும். சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கோப்பை வைத்த பழைய வித்தை மேசைக்கும் செல்லும்.

பருத்தித்துறை, காரைநகர், குருநகர் என்று கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் யன்னலோரத்தில் கணினியை வைக்கவேண்டாம். உப்புக்காற்றில் முதலில் பச்சை பிடிப்பது றாமின் செருகும் முனைகளும் போட்டுகளும்தான். வாரத்தில் சில நாளாவது ஓடும் கணினி உள்ளே காய்ந்திருக்கும். மாரியில் ஒரு மாதம் மூடிக் கிடந்ததுதான் எழும்பாது. புழுதிக்கு, சோளகம் ஓய்ந்த பிறகு புரட்டாதி வாக்கில் ஒருதரம், வெக்கை தொடங்கமுன் மாசியில் ஒருதரம் திறந்து தட்டினால் காணும்.

24 மணித்தியாலமும் ஓட விடலாமோ? கமராப் பதிவும் வீட்டுப் படங்களும் அதிலயே வைக்கலாமெண்டு...

10 வாட் பெட்டி என்றால் மாதம் 7.2 அலகு, தாராளமாக விடலாம். 60 வாட் பழைய பெட்டி என்றால் 43 அலகு, இரண்டாவது கேள்வியின் பதிலைத் திரும்ப வாசியுங்கள். கமராப் பதிவு ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும், மலிவு எஸ்.எஸ்.டியை அது தின்றுவிடும். பதிவுக்கு என்று தனி ஹாட் டிஸ்க் போடுங்கள். அப்படியானால் கணினி படுக்கை அறையில் இருக்கக்கூடாது. படங்களின் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

எல்லாம் நீங்கள் சொன்னமாதிரிப் போட்டாச்சு. விசிறி கேக்கேல்ல. ஆனால் ‘கீச்ச்’ எண்டு மெல்லிசா ஒரு சத்தம், மவுசை உருட்டினால் மாறுது.

அது கொயில் அதிர்வது. மதர்போட்டிலோ பவர் சப்ளையிலோ இருக்கும் கம்பிச் சுருள்களில் கரண்ட் ஏறி இறங்கும்போது அவை நுளம்புபோல் பாடும். முன்பு விசிறிச் சத்தத்துக்குள் மறைந்திருந்தது, இப்போது வெளியே கேட்கிறது. பழுதல்ல, ஆபத்துமல்ல.

முதலில் எது பாடுகிறது என்று முதல் பதிலில் சொன்ன கடதாசிக் குழலால் தேடுங்கள். மொனிட்டரும் பாடும்: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது சுருதி மாறினால் அதுதான். மவுசோடு மாறினால் பெரும்பாலும் மதர்போட். புரொசசரின் ஆழ்உறக்க நிலையில் ஆக ஆழமானதை மட்டும் மூடிப் பாருங்கள். இரண்டு, மூன்று வாட் கூடும், பலவேளை பாட்டு நிற்கும். பவர் சப்ளை என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாங்கி ஒரு கிழமைக்குள் என்றால் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள், ஆனால் சனம் இல்லாத காலை வேளையில். இல்லாவிட்டால் அவர் காதில் அது விழாது.